நடுவர் வீட்டு வெண்கலப் பானை

ஜனவரி 11, ஞாயிறு

எடுத்த எடுப்பில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒட்டுக்கேட்கிறவன். ஐம்பத்திரண்டு வயது, கூட்டுறவு வங்கியில் கணக்கர், ஊரில் மாசிலாமணி சார் என்று மரியாதை. அந்த மாசிலாமணி சார் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறார். காரணம், அவர் மனைவி திலகவதி இந்த ஊர் மாஜிஸ்திரேட், பெயர்ப்பலகையில் குற்றவியல் நடுவர்.

விடுமுறை நாளில் நீதிமன்றத்தைப் பூட்டிவிடலாம். ஆனால் கைதான ஆளை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. அதற்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. ஆகவே போலீஸ்காரர்கள் ஆளை வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவார்கள். திலகா டி.வி.யின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவாள், சோபாவில் கிடக்கும் என் பனியனை எடுத்து என் மேலேயே எறிவாள். முன்னறை நீதிமன்றம் ஆகிவிடும். நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விடுவேன்.

இன்று ஆடு திருடியதாக ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அடுப்பில் நான் போட்டுவிட்டு வந்த தாளிப்பு கருகி, மிளகாய் நெடி ஏறி, வீடு அதிரத் தும்மிவிட்டேன்.

"அம்மா, உள்ள யாரோ ஒளிஞ்சிருக்காங்க" என்றார் ஆடு திருடியதாகச் சொல்லப்பட்டவர்.

"அது என் வீட்டுக்காரர். அவர் இந்த வழக்கில் இல்லை. நீங்க சொல்லுங்க" என்றாள் திலகா, தலையைக்கூடத் திருப்பாமல்.

அவள் கேட்பது எப்போதும் அதே கேள்விகள்தான். எப்போது பிடித்தார்கள், எதற்கென்று சொன்னார்களா, வீட்டுக்குத் தகவல் போனதா, வக்கீல் உண்டா. பிறகு போலீஸ்காரர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அடிச்சாங்களா?" போன மாதம் கொலை வழக்கில் வந்தவனிடமும் இதே வரிசை, இதே குரல். கத்தரிக்காய் வாங்கும்போது அவள் மாதிரியே நான் கடைக்காரரிடம் கேட்டுக் காட்டுவேன்: "இது எப்போது பறித்தது? எதற்கென்று அதனிடம் சொன்னீர்களா?" அவள் சிரிக்க மாட்டாள். கடைக்காரர் சிரிப்பார்.

"ஆடு திருடினவனுக்குப் போய் நீங்க, வாங்கவா?" என்று மத்தியானம் கேட்டேன்.

"திருடினார்னு இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லலையே" என்றாள். ரசத்தில் உப்பு இல்லை என்று மட்டும் உடனே தீர்ப்புச் சொன்னாள்.

வீட்டுச் செய்திகள்: முந்தாநாள் வெள்ளிக்கிழமை வங்கியில் சமத்துவப் பொங்கல். பாத்திரம் பண்டம் எதுவானாலும் கொடுங்கள் சார் என்று ஆட்டோ அனுப்பியிருந்தார்கள். பரணிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கி அப்படியே ஏற்றிவிட்டேன். பொங்கல் வைக்கிற பக்கம் நான் போகவேயில்லை. உறியடிக்கக் கண்ணைக் கட்டிவிட்டார்கள். பானையை விட்டுவிட்டு மேனேஜரின் தோளில் போட்டுவிட்டேன். திரும்பி வரும்போது கேஷியர் ஸ்கூட்டரின் பின்னால் ஒற்றைக் கரும்பை வேல் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தேன். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது என்று கேள்வி.

இன்னொன்று. என் மாமியார் செண்பகவடிவு அம்மாள் சீராகக் கொடுத்த வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக் காயவைக்கும்படி திலகா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று மறுபடி கேட்டாள். "ஆச்சு, பின்கட்டில் வெயிலில் கவிழ்த்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். நாளைக்குச் செய்துவிடலாம்.

ஜனவரி 12, திங்கள்

மழை மூட்டம். நாளைக்கு.

ஜனவரி 14, புதன். போகி

காலையில் திலகா பின்கட்டுக்குப் போய்விட்டு வந்தாள். "பானை எங்கங்க?"

நானும் போய்ப் பார்த்தேன். காயவைத்த இடத்தில் இல்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை, அங்கே இல்லைதான். அவள் குளிக்கப் போனதும், பானை வழக்கமாக இருக்கும் பரணில் ஏறித் தேடினேன். அங்கும் இல்லை. இறங்காமல் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். யாரோ திருடியிருக்க வேண்டும். வேறு என்ன?

அவள் முகம் வாடிவிட்டது. முப்பது வருஷம் முன்னால் கல்யாணமாகி வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்த பானை. கழுத்தில் அவள் அம்மா பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அழவில்லை. "போனா போகுது, குக்கர்ல வச்சுக்கலாம்" என்றாள். அழுதிருந்தால் தேவலை.

நீதிமன்றத்துக்கு அவள் கிளம்பியதும் டீக்கடையில் ஏட்டு அந்தோணிசாமியைப் பார்த்தேன். நமக்கு வாய் சும்மா இருக்குமா.

"பின்கட்டுல காயப்போட்ட பானையா? மேடம் வீட்டுலயேவா? அண்ணாச்சி, இது எங்க ஸ்டேஷனுக்கே மானக்கேடு" என்றார் ஏட்டு. டீயை ஆற்றாமலே குடித்தார். "பழைய பாத்திரம் வாங்குறவன் எவனும் இந்தப் பக்கம் வந்தானா?"

ஒருவர் வருவார். டி.வி.எஸ். வண்டியின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு, பழைய பித்தளைக்குப் புதுக் குடம் என்று கூவிக்கொண்டு. வந்தார் என்றேன். வந்ததை வந்தார் என்று சொல்வதில் என்ன தப்பு?

ஸ்டேஷனில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்து வாங்கினார்கள். எஸ்.ஐ. கதிரேசன் பாதாம்பால் வரவழைத்தார். திலகாவிடம் சொல்லவில்லை. பானையைக் கையில் கொடுத்து அவளை அசத்த வேண்டும்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

குக்கர் பொங்கலுக்கு நாங்கள் "பொங்கலோ பொங்கல்" சொன்னது விசில் வந்த பிறகுதான். மாமியார் ஃபோனில், "பானை எந்தப் பக்கம் பொங்கிச்சு?" என்று கேட்டார். "எல்லாப் பக்கமும் அத்தை" என்றேன். குக்கரில் வால்வு வழியாக அப்படித்தான் வந்தது.

மத்தியானம் ஏட்டு ஃபோன். "அண்ணாச்சி, சாமான் கெடைச்சிருச்சு. ஆளும் கெடைச்சிட்டான்."

மேசை மேல் பானை. அதே அளவு, அதே வளைவு. "பேரு வெட்டியிருக்கு பாருங்க சார்" என்று எஸ்.ஐ. கழுத்தைக் காட்டினார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். எழுத்து இருப்பது விரலுக்குத் தெரிந்தது. விரலால் தடவி, "இதேதான்" என்றேன். பானைக்குள் வெல்ல வாசம். அடியில் கை வைத்தால் இன்னும் லேசாக வெதுவெதுப்பு. திருடன் நம் பானையிலேயே பொங்கல் வைத்திருக்கிறான், என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ஆளையும் பார்த்தேன். உள்ளே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் சுடலைமுத்து. என்னைப் பார்த்து எழுந்து நின்றார். புதுச் சட்டையில் மஞ்சள் தடவியிருந்தது. இன்றும் வரவழைத்திருந்த பாதாம்பாலை நான் கீழே வைத்துவிட்டேன், ஏனோ ஆறிப்போய்விட்டது.

"பானை வழக்குச் சொத்து ஆயிருச்சு சார், கோர்ட் மூலமாத்தான் வரும். ஆனா ஒரு சந்தோஷம்: நாளைக்கு லீவு. மேடம் வீட்டுலயே நிறுத்திருதோம். மேடம் பானை, மேடம் கையாலயே ரிமாண்டு. பொங்கல் சீரு" என்றார் எஸ்.ஐ.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

காலை பத்து மணிக்கு வந்தார்கள். எஸ்.ஐ. முகத்தில் மாப்பிள்ளை வீட்டார் களை. பின்னால் ஏட்டு பானையைத் துணியில் சுற்றி, பிள்ளை மாதிரி ஏந்தி நின்றார். நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்.

திலகா காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். நடுவில் நிறுத்தினாள். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

"புகார்தாரர் மாசிலாமணி. இது யாரு எஸ்.ஐ. சார்?"

"நம்ம சார்தான் மேடம்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார் எஸ்.ஐ. "உங்க அம்மா வீட்டுப் பானை. ஒரே நாள்ல புடிச்சிட்டோம்."

ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் அவ்வளவு பெரியது என்று எனக்கு இதுவரை தெரியாது.

"அவர் இந்த வழக்கில் இருக்கார்" என்றாள் திலகா. எனக்குத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். பிறகு சுடலைமுத்துவின் பக்கம் திரும்பினாள். "தண்ணி குடிக்கிறீங்களா?"

அவளே உள்ளே வந்து செம்பில் மொண்டுகொண்டு போனாள். என்னைத் தாண்டித்தான் போனாள். ஃப்ரிட்ஜைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்: "புகார் கொடுத்தது என் வீட்டுக்காரர். பானை எங்கம்மா கொடுத்தது. எனக்குக் கோபம் இருக்கு. கோபம் இருக்கிறவ உங்களை ஜெயிலுக்கு அனுப்பறதா வீட்டுக்கு அனுப்பறதான்னு முடிவு பண்ணக் கூடாது. பக்கத்து ஊர் மாஜிஸ்திரேட் உங்களைப் பார்ப்பார். என்ன கேட்டாலும் பயப்படாம சொல்லுங்க. இலவச சட்ட உதவி வக்கீல் அங்க வருவாங்க, நான் சொல்லிடறேன்."

"என்னய எதுக்குப் புடிச்சாங்கன்னே இப்பதாம்மா தெரியுது" என்றார் சுடலைமுத்து. "பானையக் குடுன்னாங்க, வண்டியில ஏறுன்னாங்க. வீட்டுல கோலத்துக்கு நடுவுல அடுப்பு எரிஞ்சிக்கிட்டிருந்துச்சு."

திலகாவின் பேனா ஒரு விநாடி நின்றது. கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கில்லை என்று நினைத்தாள் போலும்.

"மேடம், ஒரே கையெழுத்து. பண்டிகை நாளு, அவ்வளவு தூரம் போயி..." என்று எஸ்.ஐ. இழுத்தார்.

"நேத்து மத்தியானம் பிடிச்சதா எழுதியிருக்கீங்க. நேரம் ஓடுது" என்றாள். தான் ஏன் விலகுகிறேன் என்று அந்தக் காகிதத்திலேயே நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள். டி.வி. மேலிருந்த துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

நான் வெளியே வந்தேன். இருபது வருஷமாக அந்த மேசையில் அவளைப் பார்க்கிறேன். அவள் தன் அம்மாவின் பானைக்கும் அந்த மேசைக்கும் நடுவில் இப்படி ஒரு கோடு போடுவாள் என்று எனக்குத் தெரியாது. கோட்டின் எந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"ஏதாவது கேளேன்" என்றேன்.

"மாட்டேன். நான் கேட்டா அது விசாரணை. உங்களை விசாரிக்கிற அதிகாரம் எனக்கு இல்ல."

"வீட்டுக்காரியாக் கேளு."

"வீட்டுக்காரியாக் கேட்டா அக்கம்பக்கம் கதவைத் திறக்கும்" என்றாள். சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்து மேசை மேல் எதையோ வைத்துவிட்டுப் போனாள். நேற்று முழுக்கச் சமையலறையிலேயே கிடந்த என் மூக்குக்கண்ணாடி.

எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். 

ஸ்கூட்டரை எடுத்தேன்.

அதே நாள், சாயங்காலம்

பக்கத்து ஊர் மாஜிஸ்திரேட் சின்ன வயசுக்காரர். மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர், விரலில் பச்சையும் சிவப்புமாக வந்து கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்தேன். அவர் கேட்க ஆரம்பித்ததும் சிரிப்பு போய்விட்டது. அதே கேள்விகள். அதே வரிசை. எந்த ஊருக்குப் போனாலும், எந்த முன்னறையிலும், விரலில் வர்ணம் காயாத ஆள்கூட அதையேதான் கேட்டாக வேண்டும் என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து நான் கேலி செய்தது அதைத்தான்.

எதற்கென்று சொன்னார்களா? இல்லை. எழுத்தில் காரணம் கொடுத்தார்களா? இல்லை. வீட்டுக்குத் தகவல்? "வீட்டுலேர்ந்துதான்யா தூக்குனாங்க. எங்க கொண்டுபோறாங்கன்னு சொல்லல. வீட்டுக்காரி ராத்திரி மூணு ஸ்டேஷன் அலைஞ்சிருக்கா."

சட்ட உதவிக்கு வந்த வக்கீலம்மா எழுந்தார். "ஐயா, புகார்தாரரே வாசலில் நிற்கிறார். ஏதோ சொல்லணுமாம்."

எஸ்.ஐ. என்னைப் பார்த்த பார்வையில் நேற்றைய பாதாம்பால் திரிந்தது.

"என்ன சொல்லணும்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"பானையை இன்னொரு தடவை பார்க்கணும் ஐயா. நேத்து கண்ணாடி கொண்டுபோகல."

ஏட்டு துணியைப் பிரித்தார். நான் கண்ணாடியை மாட்டினேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். புள்ளி புள்ளியாக, தெள்ளத் தெளிவாக இருந்தது.

"பேச்சியம்மாள்" என்று படித்தேன்.

"எம் பொஞ்சாதிங்க" என்றார் சுடலைமுத்து. "அவ ஆத்தா வீட்டுச் சீரு. பால் பொங்கி வர்ற நேரம்யா. குலவ போட்டு எறக்கிருதோம், ஒரு நிமிசம் பொறுங்கன்னுதான் கேட்டேன். மண்ணுல கவுத்திட்டாங்க."

சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. பானையையே பார்த்தார்.

மாஜிஸ்திரேட் கொஞ்ச நேரம் விரல் வர்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எஸ்.ஐ.யிடம் மெதுவாக, சத்தம் போடாமல் பேசினார்: "ஒரு பானைக்கு நோட்டீஸ் கொடுத்து வரச் சொன்னா வரமாட்டாரா? வந்து, என் பெஞ்சாதி பேரு வெட்டியிருக்குன்னு சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தா, இன்னிக்கு நாம எல்லாரும் வீட்டுல இருந்திருப்போமே." காவலில் வைக்க முடியாது என்று எழுதினார். காரணத்தையும் எழுதினார். பானையை அதன் சொந்தக்காரியிடமே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

வாசலில் சுடலைமுத்து என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்து ஸ்கூட்டருக்கு அந்தப் பக்கம் போனேன்.

"நீங்க வந்து சொல்லலேன்னா பதினஞ்சு நாளு உள்ள வச்சிருப்பாங்க ஐயா. இனி அந்தத் தெருவுல எவ எனக்குப் பாத்திரம் போடுவா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். திருப்பிக் கும்பிடக்கூட எனக்குக் கை வரவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் உரையில் ஒரு நேர்மையாளன் நாற்பது கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போய் நீதியை நிலைநாட்டினான். திலகா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். "சாப்பிடுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான்.

ஜனவரி 17, சனி

பச்சரிசி, வெல்லம், நெய், முந்திரி வாங்கிக்கொண்டு சுடலைமுத்து வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீருதானா அந்தப் பானைக்காரரு?"

"ஆமா."

"கண்ணு தெரியலன்னா யாருட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியதுதானவே. தடவிப் பார்த்தா சொல்லுவாக? பானை என்ன, சோசியம் பாக்கற கையா?"

 எங்கள் வீட்டில் மாஜிஸ்திரேட் கேட்காத குறையை இங்கே தீர்த்துக்கொண்டேன். சுடலைமுத்து, "விடு தாயீ, அந்த மனுசந்தான் வந்து சொன்னாரு" என்றார்.

"சொன்னாரு. அதுக்குத்தான் உள்ள விட்டேன்" என்ற பேச்சியம்மாள் அரிசியை வாங்கிக் களைந்தார். அதே இடத்தில் கல் கூட்டி, அதே பானையை ஏற்றினார். பால் பொங்கி வந்தபோது தெருப் பெண்களைக் கூப்பிட்டுக் குலவை போட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். ஆண்கள் குலவை போடுவதில்லை. போட்டிருப்பேன்.

கிளம்பும்போது சொன்னார்: "உம்ம பானை கெடைச்சா வந்து சொல்லும். பாவம், அதுவும் ஒரு தாயி குடுத்ததுதான."

ஜனவரி 18, ஞாயிறு

திலகா இன்னும் எதுவும் கேட்கவில்லை. "பின்கட்டில் எந்த இடத்தில் கவிழ்த்து வைத்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்கவில்லை. அவள் மேசையில் அரசியலமைப்புச் சட்டப் புத்தகம் இருந்தது, புரட்டினேன். குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தும் படிக்காமல் விட்டுவிட்டேனே. எவ்வளவு பெரிய மனசு படைத்தவர்கள் எழுதியிருக்க வேண்டும். மூன்று தரம் படித்தேன்.

மத்தியானம் நான்தான் பாத்திரம் துலக்கினேன். யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 19, திங்கள்

வங்கி திறந்தது. மேனேஜருக்குத் தோள் பரவாயில்லை. கழிவறைக்குப் பக்கத்து அறையில், பழுதான கணினிகளுக்கு நடுவே எங்கள் வீட்டுச் சாக்கு மடித்து வைத்திருக்கிறது. அதன் மேல், அடிப்பிடித்த பொங்கல் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்க, ஒரு வெண்கலப் பானை. கழுத்தில் செண்பகவடிவு. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.